இருபத்தாறு பெட்டியும் ஒரு குண்டு பல்பும்

டிஷ் மாட்டும் தொழிலில் இருப்பவனுக்குக் கரண்ட் போகும்போது பெரிய கவலை இல்லை. திரும்பி வரும்போதுதான் கவலை தொடங்கும். புயலில் கரண்ட் போய் நாள்கணக்காக இருட்டில் உட்கார்ந்தவர்கள் நீங்களும் இருப்பீர்கள். அது வந்த வேகத்தில் வீட்டில் எது புகையுமோ என்று பயந்தவர்களும் இருப்பீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

இந்தப் புயலுக்குப்பின் கரண்ட் வந்த அன்று எங்கள் தெருவில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, எதிர்வீட்டு ஞானம்மாள், ரப்பர் பால் வெட்டும் தங்கராஜ், பலசரக்குக் கடை பொன்னுசாமி, குவைத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த ஜெபசிங், அவன் மனைவி செல்வி. இது ஏழு பேர். மற்ற வீடுகளில் பெரியவர்கள் இருபத்தொன்பது, பிள்ளைகள் பதினொன்று. ஆக நாற்பத்தேழு. வீடுகள் இருபத்திரண்டு. அதில் மூன்று பூட்டிக் கிடந்தன. சாவி பக்கத்து வீடுகளில் இருந்தது. நான்கு வீடுகளில் டிவியோடு சேர்க்கும் செட்டாப் பெட்டி இரண்டிரண்டு, மற்றவற்றில் ஒவ்வொன்று. பெட்டி மொத்தம் இருபத்தாறு. எல்லாம் நான் மாட்டியவை.

ரிமோட்டில் அணைத்தது

இதற்கு முந்தின புயலில் இருந்து தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போய்விட்டால் யாரும் எந்த ஸ்விட்சையும் அணைக்க மாட்டார்கள். கரண்ட் வந்தால் தெரிய வேண்டும் அல்லவா? டிவி பெட்டியை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். ரிமோட்டில் அணைத்தால் போதும் என்று நான் சொன்னேன். அது தப்பு. ரிமோட்டில் அணைத்த பெட்டி தூங்குகிறதே தவிர அணையவில்லை. கரண்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ரப்பர் மரக் கொம்பு ஒன்று விழுந்ததில் கரண்ட் போஸ்டில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்து கிடந்தது. அதைக் கவனிக்காமல் லைனில் கரண்ட் விட்டுவிட்டார்கள். நியூட்ரல் இல்லாவிட்டால் வீட்டுக்கு இருநூற்றுமுப்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் நானூறு வரைக்கும் ஏறிவிடும். விரல் சொடுக்கும் நேரம்தான். பத்தொன்பது பெட்டிகள் போய்விட்டன. ஹை வோல்டேஜில் எரிந்தால் கம்பெனி மாற்றித் தராது. தனியாக இருக்கிற ஞானம்மாளுக்கு டிவிதான் பேச்சுத்துணை. அவள் தன் பெட்டியைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னமாதிரியேதான் அண்ணே, ரிமோட்டுலதான் அணைச்சேன்" என்றாள்.

எதை அணைக்க?

அதன்பிறகு இரண்டு வருடம் அவள் என்னிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் புதிதாக ஏதாவது சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இன்னொரு முறை ஒரு பெட்டி, ஒன்றே ஒன்று, எரிந்தாலும் இந்தத் தெருவில் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் புயலில் எட்டு நாள் கரண்ட் இல்லை. ஒன்பதாம் நாள் காலை லைன்மேன், "இன்னைக்கு எப்படியும் விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடுவதே கஷ்டம். கூப்பிட்டபிறகு வேலை சொல்வது அதைவிடக் கஷ்டம். இருந்தாலும் போனேன். பூட்டிய மூன்றையும் சேர்த்து இருபத்திரண்டு வீடு. சுவரில் இருக்கும் எல்லா ஸ்விட்சையும் அணைக்க வேண்டும், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், பெட்டிக்குப் பின்னால் டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும். இதைத் துண்டுத் தாளில் எழுதி வைத்து, தப்பில்லாமல் வாசித்தேன். ஏழாவது வீட்டில் தங்கராஜ் பல் தேய்த்துக்கொண்டு நின்றான். நான் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். துப்பிவிட்டுச் சொன்னான்: "எட்டு நாளா கரண்டே இல்லாத வீட்டுல வந்து எதவே அணைக்கச் சொல்லுகீரு?"

யார் வீட்டில் எரிவது?

பத்து மணிக்கு எல்லா வீட்டையும் முடித்தேன். ஜெபசிங் மட்டும், "மாமா, எனக்க ஸ்டெபிலைசர் குவைத்துல வாங்கினது, அது பாத்துக்கிடும்" என்று சிரித்தான். அவனிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லாமல் படி இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் பொன்னுசாமி கடையிலிருந்து இறங்கி வந்தான். "செல்லையா, ஒரு சந்தேகம். எல்லாரும் எல்லாத்தயும் அணைச்சுப்போட்டா கரண்டு வந்தது எப்படித் தெரியும்?" என்று கேட்டான். தெருவிளக்கு இரண்டும் காற்றோடு போய்விட்டிருந்தன. ஒரு வீட்டில் மட்டும் ஒரு பல்பைப் போட்டு வைப்போம் என்று முடிவானது. உடனே சண்டை வந்தது. கடையில்தான் எரிய வேண்டும் என்றான் பொன்னுசாமி. முதல் வீட்டில் எரிந்தால்தான் எல்லோருக்கும் தெரியும் என்றான் தங்கராஜ். பேச்சு பழைய வேலித் தகராறுவரை போய்விட்டது. கடைசியில் ஞானம்மாள், "எனக்க வீட்டுல போடுங்கோ, நான் பாத்துகிட்டு இருக்கேன்" என்றாள். தெருவின் நடுவில் இருக்கும் வீடு அது. என்னிடம் இருந்த அறுபது வாட்ஸ் குண்டு பல்பை அவள் முன்வராந்தாவில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். அது எரிந்து பதினைந்து நிமிடம் சீராக நிற்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொன்னேன். தங்கராஜ் பல்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். "கொள்ளாம். இனி எனக்க வீட்டுல வெளக்குப் போடணும்னா ஞானத்துக்கிட்டக் கேக்கணும், என்னவே?"

தூறல்

அன்றுதான் வெயில் வந்திருந்தது. எட்டு நாள் நனைந்த பாய், தலையணை, துணி எல்லாம் தெருவில் காய்ந்தன. ஞானம்மாள் ஸ்டூலைப் போட்டு பல்புக்கு நேராக உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை நின்று பல்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒன்றரை மணிக்கு திடீரென்று தூறல். நாற்பத்தேழு பேரும் பாயைத் தூக்க ஓடினோம். ஞானம்மாளும் ஓடினாள். தூறல் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தோம். பல்பு முன்பு போலவே எரியாமல் தொங்கியது.

மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. ரப்பர் தோட்டத்துக்கு அந்தப்பக்கத்துத் தெருவில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவர்களுக்குக் கரண்ட் வந்தாயிற்று. எங்களுக்கு வரவில்லை. தெரு முழுக்க லைன்மேனைத் திட்டியது. என் சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. எடுத்து ஒரு பிளக் ஓட்டையில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் எதையும் தொடக்கூடாது என்று சொன்னவன் நான். அதோடு, இரண்டு வருடம் கழித்து என் பேச்சை நம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் கண்முன்னே டெஸ்டரை எடுத்தால் அவள் காவலை நான் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் வாங்கிப் போட்ட ஐஸ் உருகி மீன் எல்லாம் போயிற்று என்று புலம்பிக்கொண்டே வந்த பொன்னுசாமி, தோட்டத்துப் பக்கம் பார்த்துச் சொன்னான்: "அவனுவ தெருவுல மோட்டாரு ஓடுகு. நாம என்னன்னா, ஒரு பல்ப உக்காத்தி வச்சு முகத்தப் பாத்துகிட்டு இருக்கோம்."

கறுத்த கண்ணாடி

ஆறேமுக்காலுக்கு லைன்மேன் பைக்கில் வந்தார். வீடு வீடாக மெழுகுதிரி எரிவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "என்ன, இங்க யாராவது இறந்துபோயாச்சா?" என்று கேட்டார். கரண்ட் வரவில்லை என்று பத்துப்பேர் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள். "மத்தியானம் ஒண்ணரைக்கே விட்டாச்சே" என்றார் அவர்.

ஞானம்மாள் வீட்டு வராந்தாவில் ஏறி பல்பைக் கழற்றினேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. இழை இல்லை. நாங்கள் பாய் தூக்க ஓடிய பன்னிரண்டு நிமிடத்துக்குள் அது எரிந்து தீர்ந்திருக்கிறது. நியூட்ரல் முடிச்சு ஒன்று லூசாக இருந்ததாம். அந்தப்பக்கத்துத் தெருவில் நாலு ஃபேனும் ஒரு ஃப்ரிட்ஜும் புகைந்தபிறகு கால் மணி நேரத்தில் சரிசெய்தார்களாம். ஐந்து மணி நேரமாக நல்ல கரண்ட் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் அடியில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தோம். லைன்மேன் பல்பைக் கையில் வாங்கி மெழுகுதிரிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பல்புக்கே இந்தக் கெதின்னா, பிளக்கப் பிடுங்காத பெட்டி ஒண்ணுகூட மிஞ்சாது கேட்டேளா" என்றார்.

இருபத்தாறாவது

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். பிடுங்குகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு எத்தனை பேர் விட்டிருப்பார்கள்? முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் டெஸ்டர், பிறகு பிளக், பிறகு பெட்டியில் பச்சை விளக்கு வருகிறதா என்று பார்ப்பது. ஒன்று. இரண்டு. தங்கராஜ் வீட்டில் இரண்டும் பிடுங்கித்தான் கிடந்தன. வாய்தான் பேசுமே தவிர எல்லாம் செய்திருந்தான். ஞானம்மாள் வீட்டுப் பெட்டியில் விளக்கு வரக் கொஞ்சம் நேரமாயிற்று. வந்தது. பூட்டிய வீடுகளையும் திறந்து பார்த்து முடித்தபோது எண்ணிக்கை இருபத்தைந்து. மிச்சம் ஜெபசிங் வீடு.

ஜெபசிங் வாசலிலேயே நின்றான். காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "மாமா, நான் கழத்தல்ல. ஸ்டெபிலைசர்லதான் இருக்கு" என்றான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இருபத்தாறில் ஒன்று. நாளைக்கு எல்லோரும் அந்த ஒன்றைத்தான் சொல்வார்கள். அப்போது செல்வி மெழுகுதிரியோடு உள்ளேயிருந்து வந்தாள். ஸ்டெபிலைசரின் பிளக்கையும் டிஷ் வயரையும் கையில் தூக்கிக் காட்டினாள். "இவருக்க குவைத்து ஸ்டெபிலைசர நம்பிகிட்டு இருந்தா மத்தியானமே புகைஞ்சிருக்கும். நீங்க படி இறங்கின ஒடனே நான் கழத்திப்போட்டேன் மாமா."

சிக்னல் இல்லை

இருபத்தாறு பெட்டியிலும் விளக்கு வந்துவிட்டது. சரியாக ஏழே முக்காலுக்குத் தெருவில், சாவி போட்டுத் திறந்த மூன்றையும் சேர்த்து, இருபத்திரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் டிவியைப் போட்டார்கள். எல்லா வீட்டிலிருந்தும் சத்தம் கேட்க வேண்டிய நேரம். ஐந்து வீட்டில் மட்டும் கேட்டது. மற்ற வீடுகளில் திரை நீலமாக நின்று சிக்னல் இல்லை என்று எழுதிக் காட்டியது. புயல் காற்றில், மட்டுப்பா என்று நாங்கள் சொல்லும் மொட்டைமாடிகளின் மேல் டிஷ் குடைகள் திரும்பிக் கிடந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கவலை போதும் என்று யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஞானம்மாள் என்னைக் கூப்பிட்டாள். நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்று, குடை திரும்பிவிட்டது, பெட்டியில் குறை இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவள் பச்சை விளக்கைக் காட்டினாள். "பெட்டி எரியாம இருக்கில்லா, அது போரும். மட்டுப்பாவுல நாளைக்கு ஏறினாப் போரும், இப்பம் உக்காந்து ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டுப் போங்கோ அண்ணே."

பெட்டியைக் காப்பாற்றினவனுக்கு இந்தத் தொழிலில் கிடைப்பது பால் விடாத ஒரு கட்டன்சாயா. மறுநாள் விடிந்ததும் ஏறித் திருப்ப மீதி இருந்த குடைகள் பதினேழு.