மக்தலேனா போன அமைதியான ஊர்

ரங்கூனில் அரிசி ஆலை மேனேஜராக இருந்த துரைக்கு நரம்புத் தளர்ச்சி வந்தது. இரண்டு மாதம் சத்தமே காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீமைக்கு லீவில் போகிற வழியில், மத்தியதரைக் கடலோரம் அமைதியான ஊராகப் பார்த்துத் தங்குவது என்று முடிவாயிற்று. துரைசாணி சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, பெரிய எழுத்தில் பெயர் போட்டிருந்த ஊர்களையெல்லாம் பென்சிலால் அடித்தாள். நீஸில் பாண்டு வாத்தியம், மார்செயில்ஸில் துறைமுகம். கடைசியில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற ஓர் ஊர் மிஞ்சியது.

குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஆயா மக்தலேனா ஒன்றுதான் கேட்டாள். "அங்க மீன் கெடைக்குமாம்மா?"

துரைசாணி கோயம்புத்தூரில் வளர்ந்தவள். தமிழ் அரைகுறையாக வரும். "கடல் இருக்கு, மீன் இருக்கும்," என்றாள்.

மக்தலேனாவின் புருஷன் ஏசுரத்தினம் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை இறக்குகிறவன். "போறதுதான் போற, பெரிய பட்டணமா பாத்துட்டு வரக் கூடாதா?" என்றான்.

"பெரிய பட்டணத்தையெல்லாம் அம்மா அடிச்சிட்டாங்க."

சீமையில் மீன் சப்பென்று இருக்கும் என்று கேள்விப்பட்டு, மக்தலேனா பர்மாக்காரர்களின் மீன் விழுதான ஙப்பியை ஒரு தகர டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டாள்.

ஊர் அமைதியாகத்தான் இருந்தது. கல் படிக்கட்டுகள், சில மீன் படகுகள், மதியத்தில் தூங்கும் நாய்கள். துரையும் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை மக்தலேனா முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்குப் போனாள். மாதாகோயில் வாசலில் ஒரு மீன்காரி தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். "மக்தலேனா," என்றாள் இவள். எங்கிருந்து வருகிறாய் என்பதுபோல இன்னொருத்தி கையை விரித்தாள். மக்தலேனா கடலைக் காட்டினாள்.

ஏசுவின் சீடரான புனித மக்தலேனா கிழக்கேயிருந்து படகில் வந்து தங்கள் கரையில்தான் இறங்கினாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இவள்தான் அவள் என்று யாரும் நினைக்கவில்லை. அவ்வளவு விவரம் கெட்டவர்கள் இல்லை. இருந்தாலும் ஒருமுறை பார்த்துவைப்பதில் தப்பில்லை என்று நினைத்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து மரச்செருப்புச் சத்தம் படியேறி வந்தது. முட்டை கொண்டுவந்தார்கள், மீன் கொண்டுவந்தார்கள், கைக்குழந்தைகளை அவள் மடியில் வைத்து வாங்கிப் போனார்கள். அவள் ஙப்பி டப்பாவைத் திறந்தபோது அந்த நாற்றத்துக்கு ஓடிவிடுவார்கள் என்று துரைசாணி நம்பினாள். அவர்களோ மோந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் உப்பில் ஊறிய நெத்திலி விழுதைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிழவி வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து மக்தலேனாவை உட்காரச் சொன்னாள். துரை வீட்டில் அத்தனை வருஷமும் தரையில் உட்கார்ந்தவள், விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நன்றாகவே சாய்ந்துகொண்டாள்.

இதெல்லாம் நடந்தது துரையின் ஜன்னலுக்குக் கீழே.

"அவளை அனுப்பிவிடு," என்றார் துரை, காதில் பஞ்சோடு.

"குழந்தையை யார் பார்ப்பது?" என்றாள் துரைசாணி. துரை யோசித்தார். அந்த வாரமே நீஸுக்குப் போனார்கள்.

நீஸில் ஹோட்டலுக்கு எதிரே பாண்டு வாசித்தார்கள். ஆயாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துரை சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தூங்கினார். கன்னத்தில்கூடக் கொஞ்சம் சதை போட்டது. மக்தலேனா அறைக்கு வெளியே நடையில், தரையில் உட்கார்ந்து குழந்தைக்குக் காவல் இருந்தாள். ஙப்பி டப்பாவைத் திறக்கவேயில்லை.

ரங்கூனுக்குத் திரும்பி, அடுத்த லீவு வந்தபோது துரைசாணி வரைபடத்தை எடுக்கவேயில்லை. "இந்தத் தடவை நேரா நீஸ், ஆயா. துணி எல்லாம் எடுத்து வை."

"நான் வரலம்மா."

"ஏன்?"

"அங்க ஒரே சத்தம்மா."

துரைசாணிக்கு அது நியாயமாகவே பட்டது. ரத்தினம்மாள் என்ற வேறோர் ஆயாவை அழைத்துக்கொண்டு போனாள். மக்தலேனா பக்கத்துத் தெருவில் ஒரு பார்சிக்காரர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஆறு பிள்ளைகள்.