அதிகம் கெட்டுப்போகும் வண்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு நெல் அறுக்கும் வண்டிகள் முழுசாக வருவதில்லை. உடைந்த பாகம் மட்டும் வரும். பைக்கின் பின்சீட்டில் கட்டிய ஷாஃப்ட், கோணியில் சுற்றிய பல்சக்கரம், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பேரிங் கூடு. தை பிறந்தால் மாசி முடியும்வரை இப்படித்தான். எந்தக் கம்பெனி வண்டி, என்ன உடைந்தது, மீட்டரில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டு, பாகத்தை அளந்து ஜாப் கார்டு போடுவது என் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமாவுக்குக் கிடைத்த வேலை. லேத்தில் இருப்பவர்கள் கடைந்தோ வெல்டு வைத்தோ பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். அங்கே வயலில் வண்டி நின்றுகொண்டிருக்கும். கொண்டுவந்தவர் நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார்.

அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். பத்தொன்பது வருஷம் அவர் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கடைசியாகக் கொடுத்த தொகையில் ஒரு அறுவடை வண்டி வாங்கி, டிரைவர் போட்டு, திருவள்ளூர் பக்கம் வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தார். வயது நாற்பத்தாறு. இனி எந்தக் கம்பெனியும் எடுக்காது என்று அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இந்த வண்டி சரியாக அமையாவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

"ஒடஞ்சதெல்லாம் உன் கைக்குதான் வருது. எது கம்மியா ஒடையுதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு பாப்பா," என்றார். "டீலருங்க பேச்ச நம்ப முடியல. அவனவன் வண்டியத் தவிர ஊர்ல கீற மத்ததெல்லாம் ஓட்டைன்றான்."

பட்டியல் என்றால் எனக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. மூன்று சீசனின் ஜாப் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் எழுதினேன். கம்பெனிப் பெயர்கள் இங்கே வேண்டாம். எங்கள் பக்கம் அதிகம் ஓடுபவை மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்றே சொல்கிறேன். ஒன்றாவது வண்டியின் கார்டுகள் மட்டும் ஒரு தடித்த கட்டு. இரண்டாவதுடையது அதில் பாதி இருக்கும். மூன்றாவது வண்டிக்குக் கார்டே இல்லை என்று சொல்லலாம். ஊரில் அந்த வண்டியே குறைவோ என்று சந்தேகம் வந்து, பூந்தமல்லியில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அப்படியொன்றும் குறைவில்லை. அதற்குப்பின் சந்தேகப்பட எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மூன்றாவது வண்டிக்கு நேராக 'உறுதியானது' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை புக் செய்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு டிரைவர் வளைந்த ஷாஃப்ட் ஒன்றோடு வந்தார். எந்த வண்டி என்று கேட்டேன். மூன்றாவது கம்பெனியின் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டே, "உங்க வண்டி இங்க வர்றதே இல்லண்ணா. நல்ல வண்டி போல," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா சொன்னது?"

"எங்க கார்டுல இல்லையே."

"எப்டி இருக்கும்? இந்த ஒரு ஷாஃப்ட்டுதான் லேத்துக்கு ஏறும். மத்ததெல்லாம் மொத்த செட்டா சீல் பண்ணி அனுப்புறான். ஒடஞ்சா பிரிக்க முடியாது, கம்பெனிலேர்ந்துதான் வரணும். போன சீசன்ல கியர்பாக்ஸ் பூடுச்சு. பதினெட்டு நாள் வயக்காட்டுல வண்டி மேலயே தூங்கினு இருந்தேன். கொக்கு வந்து குந்தும், போவும். எனுக்கு அதுங்கதான் கம்பெனி."

பக்கத்து லேத்தில் இருந்தவர் சிரித்தார். நான் பேனாவை மூடினேன்.

எங்கள் பட்டறைக்கு வருவது சரிசெய்ய முடிந்தவை மட்டும். அதனால்தான் வருகின்றன. சரிசெய்ய முடியாதவை வயலிலேயே நிற்கின்றன. அவற்றுக்கு நான் கார்டு போட்டதில்லை. மூன்று சீசன் அந்தக் கார்டுகளைக் கையால் எழுதியவள் நான்தான். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். ஆவடி வரை நின்றுகொண்டே போனேன். பிறகு இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் கால் வலிப்பது தெரிந்தது. அக்கா வீடு வேப்பம்பட்டில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மாமா டீலர் கொடுத்த விளம்பரத் தாளை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"நான் போட்ட லிஸ்ட் தப்பு மாமா."

அவர் முழுதும் கேட்டார். அக்காதான் முதலில் பேசினாள். "லேமினேட் பண்ணாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன். பேப்பரா இருந்தா கிழிச்சாவது போட்டிருக்கலாம்."

"நீ சும்மா இருடி," என்றார் மாமா. பிறகு என்னிடம், "அப்ப அது அடிக்கடி ஒடையுதா, இல்லியா?"

"தெரியாது. ஒடஞ்சா எத்தன நாள் நிக்கும்னுதான் கேட்டிருக்கணும். நான் எத்தன தடவ ஒடையும்னு மட்டும் எண்ணிட்டேன். அறுப்பு இருக்கிறதே ரெண்டு மாசம்."

"நீயா இருந்தா எத வாங்குவ?"

எதிர்பார்த்த கேள்விதான். ரயிலில் வரும்போதே பதிலைப் பலமுறை மாற்றிப் பார்த்திருந்தேன். "ஒண்ணாவது வண்டி. நெறைய கெடும். ஆனா கெட்ட அன்னிக்கே ஓடும்."

"எது ரொம்ப ஒடையுதோ அத வாங்கச் சொல்ற."

"ஆமா."

"நல்லா கீது," என்றார். சிரிக்கவில்லை. விளம்பரத் தாளை மடித்தார். அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்தாள், யாரும் எடுக்கவில்லை. மாமா டீலருக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வரவில்லை என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "வீட்ல ஒத்துக்கல," என்று பதில் சொல்லி வைத்தார்.

அடுத்த வாரம் ஒன்றாவது வண்டியை வாங்கினார். தை கடைசிக்குள் நான்கு தடவை எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார். முதல் தடவை செயின். இரண்டாவதும் செயின். மூன்றாவது தடவை எதைக் கொண்டுவந்தார் என்பதைக் கார்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான்காம் தடவை ஷாஃப்ட் இரண்டாக முறிந்திருந்தது. முகமெல்லாம் வைக்கோல் தூசி. நாற்காலி போட்டேன், உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே, தலை ஒரு பக்கம் சாய, தூங்கிவிட்டார். லேத் ஓடுகிற சத்தம் அவரை எழுப்பவில்லை. வயலுக்குச் சொந்தக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். நானே எடுத்து, அஞ்சு மணிக்கு வண்டி ஓடும் என்றேன்.

மூன்றரைக்கு வேலை முடிந்தது. எழுப்பினேன். ஷாஃப்டைத் தூக்கிப் பார்த்து, வெல்டு வைத்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"அந்த மூணாவது வண்டி வாங்கிகினு இருந்தா இன்னா ஆயிருக்கும் பாப்பா?"

"தெரியாது மாமா. ஒருவேளை ஒண்ணும் ஆகாம ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும்ல?"

"ஓடியிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்படத் தெம்பு இல்லாமலும் இருந்திருக்கலாம். ஷாஃப்டைக் கோணியில் சுற்றி பைக்கின் பின்சீட்டில் வைத்தார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, கயிற்றைப் போட்டு இறுக்கினார். பைக்கைக் கிளப்பும்போது மணி கேட்டார். மூன்று நாற்பது என்றேன்.

"அப்ப இன்னிக்கு இருட்றதுக்குள்ள ஒரு ஏக்கராவது அறுத்துரலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.