விளக்கணைத்த ராட்டினம்

எங்கள் அல்போன்சா மதினிக்கு விளக்கு என்றால் உயிர். மில்லர்புரத்தில் பந்தல், நாற்காலி, சீரியல் செட் விளக்கு எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அண்ணன் கப்பலுக்குப் போகிறவன் என்பதால் கடை முழுக்க மதினி பொறுப்பு. கோயில் திருவிழாவில் ஒரு மூலை இருட்டாகத் தெரிந்தால் போதும், ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரை அடக்கம் செய்த அன்று மழை மூட்டத்தில் கல்லறைத் தோட்டம் மங்கிக் கிடந்தது. "அவ இருந்திருந்தா ரெண்டு போக்கஸ் லைட்டாவது போட்டிருப்பா" என்றான் அண்ணன். அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பந்தல் தொழில் இன்று கட்டி நாளை பிரிப்பது. பிரிக்காத ஒன்றை நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. திருச்செந்தூர் சாலையோரம் பாழடைந்து கிடந்த பொழுதுபோக்குப் பூங்காவின்மேல் கண் விழுந்தது அப்படித்தான். சொந்தக்காரர் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி அந்த இடத்தைக் கண்டெய்னர் யார்டுக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார். மதினி விடாமல் போய் நின்றார்.

"சரி, நோன்புப் பெருநாள் கழியுற வரைக்கும் நடத்திப் பாரு தங்கச்சி. கூட்டம் வரலேன்னா யார்டுக்காரனுக்குக் குடுத்துருவேன். அப்புறம் அண்ணாச்சியக் குத்தம் சொல்லப்படாது."

டிராகன் ரயிலின் வாய்க்குள் காக்கை கூடு கட்டியிருந்தது. உப்புக் காற்றில் இரும்பு செதில் செதிலாக உரிந்தது. மதினி முதலில் கை வைத்தது கழிவறையில். "பொம்பளையாளு நிம்மதியா உக்காரணும்னா கதவுக்குக் கொண்டி வேணும்" என்றார். பிறகு ராட்சத ராட்டினம். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்ற சிலுவை அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, பேரிங் மாற்றி, மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். அதிகாரிகளின் சோதனையும் முடிந்த பிறகுதான் ஆளை ஏற்றினார். கடைசியாக மதினி தன் கடையிலிருந்த சீரியல் செட் அத்தனையையும் ராட்டினத்தில் சுற்றினார்.

சனி, ஞாயிறுகளில் கூட்டம் வந்தது, செல்ஃபி எடுத்தது, போனது. மற்ற நாட்களில் ராட்டினம் வெறும் தொட்டிகளோடு சுற்றியது. "ஏளா, காக்காவுக்கு டிக்கெட் போட்டுருவமா?" என்று கேட்பார் சிலுவை.

நோன்பு தொடங்குமுன் ஒரு நாள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு வேன் வந்தது. தையல் வகுப்பு நடத்தும் சக்கீனா தன் வகுப்புப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார். கடலை தின்றார்கள், ஓயாமல் பேசினார்கள், ஒருத்தியும் ராட்டினத்தில் ஏறவில்லை. பயப்படுகிறார்கள் என்று நினைத்து மதினி தானே ஏறிச் சுற்றிக் காட்டினார்.

சக்கீனா சிரித்தார். "பயமெல்லாம் இல்லம்மா. ஏறினா கத்துவோம், சிரிப்போம். ஆம்பிளைங்க நின்னு வேடிக்கை பார்த்தா எப்படிக் கத்துறது? எங்க ஊருல வீட்டுக்கு வீடு நடுவுல பொம்பளைங்க போக வர தனிச் சந்தே இருக்கு. அதுல நாங்க பேசுற பேச்சு தெருவுக்குக் கேட்டா ஊரு தாங்காது!"

அங்கேயே முடிவானது. பெருநாளுக்கு மறுநாள் மாலை பெண்களுக்கு மட்டும். ராட்டினம் ஓட்டுவதும் பெண். துப்புரவு வேலை பார்த்த பேச்சித்தாய்க்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னதும் சிலுவை குதித்தார்.

"இது என்ன கிரைண்டரா?"

"கிரைண்டரு நிறுத்துன பெறவும் சுத்தும் அண்ணே. இது பிரேக்கப் போட்டா நிக்குது. லேசுதான்" என்றாள் பேச்சித்தாய்.

நோன்பு முடிவதற்குள் அவளுக்கு வேலை படிந்துவிட்டது.

அந்த மாலை, இருட்டும் நேரத்தில், பெண்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். மதினி மதில் ஓட்டைகளை அடைத்து, ஆண்களை வெளியே அனுப்பி, விளக்குகளை இரண்டு மடங்காக்கியிருந்தார். ராட்டினம் கோயில் சப்பரம்போல ஜொலித்தது. முதல் சுற்றிலேயே தொட்டிகள் நிறைந்தன. அவை மேலே போனதும், மதிலுக்கு வெளியே சாலையில் பைக்குகள் நின்றன. டீக்கடையில் இருந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில் ஒவ்வொரு முகமும் பட்டப்பகல்போலத் தெரிந்தது. பெண்கள் துப்பட்டியை இழுத்து மூடிக் குனிந்துகொண்டார்கள். இறங்கியதும் நேரே வேனை நோக்கி நடந்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க, நான் போயி அவனுகள வெரட்டுதேன்" என்றார் மதினி.

"ரோட்டுல நிக்கிறவன எப்படிம்மா வெரட்டுவீங்க? மதில அடைச்சீங்க, உங்க ஆளை வெளிய அனுப்புனீங்க. எல்லாம் செஞ்சிட்டு எங்களைத் தூக்கி லைட்டு போட்டுக் காட்டுறீங்களே!" என்றார் சக்கீனா.

மதினி ராட்டினத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு பல்பும் அவரே ஏணியில் நின்று கட்டியது. சுவிட்சு போர்டுக்குப் போய் அத்தனையையும் அணைத்தார். ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு பல்பு எரிந்தது.

"இப்ப ஏறிப் பாருங்க. ஒரு முகம் வெளிய தெரிஞ்சாலும் நானே உங்கள வேன்ல ஏத்தி விடுதேன்."

சக்கீனா ஏறினார். பேச்சித்தாய் நெம்புகோலைத் தள்ளினாள். சாலையில் நின்றவர்களுக்கு வானத்தில் ஒரு கறுப்புதான் தெரிந்தது. பிறகு உச்சியிலிருந்து சக்கீனாவின் கூவல் கேட்டது.

"அடியே, கடல் பூரா கப்பலு நிக்குதுடி! லைட்டு போட்டுக்கிட்டு நிக்குது! வாங்கடி!"

வேனில் ஏறியவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். அதன் பிறகு பேச்சித்தாயை மூச்சுவிடவே விடவில்லை.

இருண்டு கிடந்த ராட்டினத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத்தான் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி வாசலில் காரை நிறுத்தினார். சிலுவை அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னலே சிலுவை, கடைய மூடியாச்சா?"

"உள்ள நிக்க எடமில்ல அண்ணாச்சி."

"தள்ளு, பாக்கேன்."

"பொம்பளையாளுக்கு மட்டும். என்னையே வெளிய தள்ளிட்டாளுவ."

"ஏலே, எடம் என்னோடதுல்லா!"

"எடம் உங்களுதுதான். யாரு இல்லன்னா? இன்னைக்கு மட்டும் இங்கன நில்லுங்க."

அண்ணாச்சி நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் அலறினார்கள், சிரித்தார்கள், மறுபடியும் அலறினார்கள். சாலையோரம் இன்னும் இரண்டு வேன்கள் வந்து ஒதுங்கின. அவர் செல்போனை எடுத்து யார்டுக்காரரைக் கூப்பிட்டார். "சத்தமாப் பேசும்வே, இங்கன ஒண்ணும் கேக்கல" என்று காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். பிறகு, "வேற எடம் பாத்துக்கிடும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிலுவை எழுந்து ஸ்டூலை அவருக்கு நகர்த்திப் போட்டார்.