பதினாறு எபிசோடு மறைக்க என்னால் ஆகாது

கட்டியை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, என் செல்போன்.

மாசி மாதம். பாலவனத்தம் பக்கத்தில் எங்கள் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். செல்லை ஜாக்கெட்டுக்குள் இடது பக்கம் செருகிக்கொண்டு, தமிழில் பேசுகிற கொரியத் தொடரை ஓடவிட்டபடியே பருத்தி எடுப்பது என் வழக்கம். படம் தெரியாது, குரல் மட்டும் வரும். எனக்கு இரண்டு பக்கமும் நிரை பிடித்து வருகிற பெண்களும் கேட்டுக்கொண்டே வருவார்கள். அன்றைக்குக் குனிந்து நிமிரும்போதெல்லாம் செல் ஒரே இடத்தில் உறுத்தியது. எடுத்துவிட்டு விரலால் தடவினேன். உள்ளே புளியங்கொட்டை மாதிரி ஒன்று, கெட்டியாக, நகராமல் இருந்தது. வலிக்கவே இல்லை.

இதை வாசிக்கிற உங்களுக்கும் அப்படி ஒன்று தட்டுப்பட்டிருந்தால், வலிக்கவில்லையே என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டில் முதலில் மதினியிடம் சொன்னேன். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறார். நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவர் சொல்வதுதான் முடிவு. அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். இடது பக்கம் என்றேன்.

"செல்லு வைக்கிற பக்கந்தானே? பெறகென்ன. அந்தச் சூடுதான் கட்டியா எறங்கியிருக்கு. செல்லை எடுத்துட்டா தன்னால அமுங்கிரும்."

எனக்கு நடந்த முதல் சிகிச்சை அதுதான். செல்லைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சர்க்கரை நோய்க்காரருக்குச் சீனியை நிறுத்துவதுபோல எனக்கு நாடகத்தை நிறுத்தினார்கள். அவ்வப்போது, "அமுங்கிருச்சா?" என்று ஒரு விசாரணை வேறு. என் வீட்டுக்காரரும் நம்பினார். பருத்தி எடுக்க வந்த பெண்களும் நம்பி, அவரவர் செல்லை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். கதையில் நாயகி தன் வியாதியை நாயகனிடம் சொல்வாளா மாட்டாளா என்ற கட்டத்தில் எனக்குத் தொடர் நின்றுபோயிருந்தது. உண்மையைச் சொன்னால், கட்டியைவிட அந்தக் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கடைசிப் பருத்தி எடுத்து, பருத்திமாறும் (காய்ந்த பருத்திச் செடி) பிடுங்கியாயிற்று. கட்டி அமுங்கவில்லை. எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. என் மகள் ஷீலா அருப்புக்கோட்டையில் ஒரு மில் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்கு விஷயம் தெரிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டாள்.

மதுரையில் மேமோகிராம் (மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். பிறகு பயாப்ஸி (கட்டிக்குள் ஊசியை விட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பது). முடிவு சொல்லும் நாளில் வீட்டுக்காரரும் மதினியும் கூட வந்தார்கள். என்னைக் காரிடார் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மதினி மட்டும் முன்னால் உள்ளே போனார். என்னவாக இருந்தாலும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள் என்று சொல்லத்தான் போயிருக்கிறார். எனக்கு அது கேட்காமலே புரிந்தது. இந்தக் காட்சியை நான் எத்தனை தொடரில் பார்த்திருக்கிறேன்!

டாக்டர் ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். என்னை உள்ளே கூப்பிட்டு, முடிவை யாரிடம் சொல்லட்டும் என்று என்னையே கேட்டார்.

"உடம்பு என்னோடதுதானே டாக்டரு. எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். மார்பகப் புற்றுநோய். அக்குளிலும் ஒரு முடிச்சு. முதலில் கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து) கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள், அப்புறம் மார்பை எடுப்பார்கள், கடைசியில் கதிர் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பார்கள். பயமாக இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் எழுந்திருக்க முடியவில்லை. இது செல்லால் வந்ததா என்று கேட்டேன். செல்லும் இல்லை, நாடகமும் இல்லை, கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார். நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ சாவியை வாங்கினேன்.

கீமோ நாட்களில் எனக்குத் துணை அந்தத் தொடர்கள்தான். அதனாலேயே அவற்றைக் கேள்வி கேட்கும் உரிமையும் எனக்கு உண்டு. கொரியாக்காரி வியாதி வந்தால் மூக்கில் ஒரு துளி ரத்தம் விடுவாள், அழகாகத் தொப்பி போட்டுக்கொள்வாள். சீனத்து அரண்மனைக்காரி வெள்ளைக் கைக்குட்டையில் இருமுவாள், உதட்டுச் சாயம் மட்டும் கலையாது. வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்ததுமே அவள் கதை முழுக்கச் சொல்லிவிடுவார். எந்த நாயகிக்கும் மலச்சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை. வாய்ப்புண்ணில் மிளகு ரசம் பட்டு ஒருத்தியும் துடித்ததில்லை. எனக்கு நகம் கறுத்தது. தண்ணீர் குடித்தால்கூட இரும்பு நக்கியதுபோல இருந்தது. புருவம் கொட்டிய அன்று கண்ணாடியில் பார்த்து, யாருடி நீ என்று கேட்டேன்.

மாமியார்காரி வருங்கால மருமகள் முகத்தில் டம்ளர் தண்ணீரை விசிறி அடிப்பதும் எனக்குப் பிடிக்காது. குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் அப்படி ஊற்றினால், தண்ணீருக்காகவே சண்டை வரும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். உடம்புக்கு முடியாதவளுக்கு அவர்கள் அரிசிக்கஞ்சி காய்ச்சி, ஊதி ஊதிக் கொடுக்கிறார்கள். திட்டிக்கொண்டே தட்டில் தொடுகறியை வைக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் பேசுகிறார்கள். அதைப் பார்க்கும்போது இவர்கள் நமக்கு ஒருவழியில் உறவுதானோ என்று தோன்றும்.

ஆனால் மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. வியாதி வந்தவள் அதை மறைப்பது. அவன் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லாமல் ஓடிவிடுவாள். அவன் மழையில் தேடுவான். பதினாறு எபிசோடு. ஒரு நிமிஷம் வாயைத் திறந்தால் முடிகிற கதை. சொல்லித் தொலையேன்டி என்று காட்டில் நின்று நான் கத்தியிருக்கிறேன். கூடப் பருத்தி எடுத்தவர்களும் கத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பாழாய்ப்போன வேஷத்தைத்தான் என் வீட்டில் எனக்கே கொடுத்தார்கள்.

ஷீலாவுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு குடும்பத்தில் பேசி முடித்திருந்தோம். தை மாதம் கல்யாணம். பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. தாய்க்குக் கேன்சர் என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று சம்பந்தம் கலைந்துபோகும், அதனால் யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று மதினி முடிவு செய்தார். கீமோ முடிந்ததும் தள்ளிப்போடாமல் மார்பை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் கல்யாணம் கழியட்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். ஷீலா மட்டும், "நீ போய்ப் பண்ணிக்கம்மா" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

முடி கொட்டியதற்கு மதினி ஒரு பொய் கண்டுபிடித்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது எங்களிடம் உண்டு. கல்யாணம் நல்லபடியாக நடக்க நேர்ந்து முடி கொடுத்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். மாதாவுக்கு முடி கொடுத்தவள் என்ன வேண்டினாள், என்ன கிடைத்தது என்பதை நாலுபேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவும் எங்களிடம் வழக்கம்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அன்பியக் கூட்டம் (எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்கள் தெருத்தெருவாகக் கூடும் ஜெபக்கூட்டம்) நாளுக்கு ஒரு வீட்டில் நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்தபோது சம்பந்தியம்மாவையும், அதாவது மாப்பிள்ளையின் அம்மாவையும் அழைத்திருந்தோம். ஜெபமாலை முடிந்ததும் கூட்டம் நடத்துகிற அம்மா என்னைப் பார்த்து, உங்கள் வேண்டுதலைச் சொல்லுங்கள் என்றார். நான் வாய் திறக்கும் முன்பே மதினி முந்திக்கொண்டு மகள் கல்யாணத்துக்காக என்றார். சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மக எங்க வீட்டுக்கு வாரதுக்காகவா ஷீலாம்மா முடியக் குடுத்தீக?"

இதற்கு மேல் என்னால் ஆகாது. மாதா சுரூபத்துக்கு (சிலைக்கு) முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் கையைப் பிடித்து அழுகிற ஒருத்தியிடம் எப்படிப் பொய் சொல்ல? தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தேன்.

"மாதாவுக்கு நான் முடி குடுக்கல. எனக்கு மார்புல கேன்சரு. மருந்துல கொட்டுன முடி இது. வார மாசம் மார்பை எடுக்கப்போறாக. எடுத்துட்டுத்தான் எம்மக கல்யாணத்துக்கு வந்து நிப்பேன்."

என் கையைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது. கூட்டம் நடத்தியவர் வேறு வழி தெரியாமல், "அருள்நிறை மரியே" என்று மறுபடியும் ஆரம்பித்தார். போட்டு வைத்த காபியில் பாதிக்கு மேல் அப்படியே ஆறிப்போனது.

கொஞ்ச நாளில் அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் மூலமாகச் சொல்லிவிட்டார்கள். பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமாம். என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வாழ்க்கையை வாயால் கெடுத்தவள் என்று மதினி என் முகத்துக்கு நேரே சொன்னார். ஷீலா என்னோடு பேசவில்லை. சொன்னதற்காக இல்லை, தன்னிடம் முதலில் சொல்லாமல் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்ததற்காக. அவள் கோபம் நியாயம். நான் அழுதேன். ஆனால் சொன்ன வார்த்தையை ஒருநாளும் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்றானதும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பேசாமலிருந்த ஷீலாவும் வீட்டுக்காரரும்தான் மதுரைக்கு என்னோடு வந்து தங்கினார்கள்.

இடது மார்பை எடுத்தார்கள். காயத்தில் ஊறுகிற நீரை இறக்க விலாவில் குழாயும் அதன் முனையில் ஒரு டப்பாவும் இருந்தன. வார்டில் நடக்கும்போது அந்த டப்பாவை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். மற்ற நேரத்தில் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சீனத் தொடர் பார்த்தார். "இவன் என்ன, எதுக்கெடுத்தாலும் அவ கையப் புடிச்சு இழுத்துக்கிட்டே திரியிறான்?" என்று அவருக்கும் எரிச்சல். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து குறை சொன்னது அந்தத் தொடரைத்தான்.

கதிர் வைத்து முடிந்தது. இடது கை சில நாள் வீங்கும். லிம்ஃபெடிமா (அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தால் கையில் நீர் தங்குவது) என்கிறார்கள். அந்தக் கையால் குடம் தூக்குவதில்லை. ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைக்கவில்லை. காலம் முழுக்கப் பஞ்சு எடுத்தவள் நான், அதை நெஞ்சில் வேறு சுமக்க வேண்டுமா? பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முன்பெல்லாம் மழையை வைத்தும் வெள்ளாமையை வைத்தும் வருஷத்தைக் கணக்கிடுவேன். இப்போது ஒரு செக்கப்பிலிருந்து அடுத்த செக்கப் வரைக்கும்தான் காலம். அதற்குள் விதைக்க முடிந்ததை விதைக்கிறேன்.

சித்திரை வெயிலில் ஒரு முற்பகல் சம்பந்தியம்மா தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். சம்பந்தியம்மா என்று இன்னமும் சொல்ல எனக்கு உரிமையில்லை, வாயில் வந்துவிடுகிறது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு ஷீலாம்மா. உங்க வீட்டு ஜெபமாலைக்கு வந்த அன்னைக்கே இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சில் கட்டியை வைத்துக்கொண்டே, எனக்குக் கட்டி இருக்கிறது என்று என் மகளை வேண்டாமென்று சொல்லியிருக்கிறார். நாலு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து, தண்ணீர் அவர் சேலையில் சிந்திக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றி வந்தேன். எழுந்திருங்கள், அடுத்த பஸ்ஸுக்குப் போவோம் என்றேன்.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டபோது நான்தான் என்று எழுந்து நின்றேன். முடிவு வாங்கும் நாளுக்கும் நானே கூட்டிப்போனேன். வெறும் கொழுப்புக்கட்டி. பயப்பட ஒன்றுமே இல்லை. அவர் டாக்டர் அறையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். மறுபடி சம்பந்தம் பேசுவார் என்று நினைத்தீர்களானால் நீங்கள் நிறைய நாடகம் பார்க்கிறீர்கள். அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான்.

"நான் வந்தத யார்ட்டயும் சொல்லிராதீக."

"நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க. உங்க தெருவுலயும் எவளாவது ஒருத்தி வச்சுக்கிட்டு இருப்பா."

காரியாபட்டி தாண்டுவதற்குள் அசந்து தூங்கிவிட்டார். என் மகளின் கல்யாணத்தை நிறுத்திய தலை, என் மார்பு இருந்த இடத்தில் வந்து சாய்ந்தது. அந்த இடத்தில் எனக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. மரத்துப்போன தோலுக்கு அடியில் கனம் மட்டும் தெரிந்தது. அருப்புக்கோட்டை வரும்வரை நான் அசையவில்லை.