ரதியின் நெஞ்சுவலி

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் அழகனைத் தெரியாதவர்கள் இல்லை. வருடம் முழுக்கத் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவான். மாசியில் காமன் கூத்து வந்துவிட்டால் ஆசையாய் வளர்த்த மீசையை எடுத்துவிட்டு ரதி வேஷம் கட்டுவான். சிவன் எரித்துவிட்ட காமனுக்காக அவன் மாரடித்து அழும்போது, கொழுந்து நிறுக்கையில் இரக்கமே காட்டாத தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாகூட மூக்கை உறிஞ்சுவார். இந்த வருடம் ஒத்திகையிலேயே அப்படி அழுது தீர்த்தான்.

கூத்துக்குக் கையில் காப்புக் கட்டியிருந்த நேரம் பார்த்து, ஒரு காலையில் இடது நெஞ்சில் சுருக்கென்று வலித்தது. மூச்சை இழுத்தால் இன்னும் கூடியது. அவன் அப்பா மாயாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேயிலை மலையிலேயே விழுந்து செத்தவர். சாகிற வயசும் இல்லை. அது அழகனுக்கு ஞாபகம் வருமுன்பே அவன் அம்மா வேலாயிக்கு வந்துவிட்டது.

"காப்புக் கட்டுனவன் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதும்மா," என்றான்.

"தாண்டுனா சாமி கோவிக்கும். தாண்டாட்டி நீ போயிருவ. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், ஆட்டோவுல ஏறு."

ஆஸ்பத்திரியில் மாரில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் நிலக்ஷி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"கோடு சில இடத்துல கொஞ்சம் மேல ஏறி நிக்குது. இந்த வயசு ஆம்பளப் பிள்ளைகளுக்கு நல்ல இதயத்துலயும் இப்படி வரும். ஆனா வலியோட வந்தவர அப்படிச் சொல்லி அனுப்பிற முடியாது. காய்ச்சல் வந்துச்சா? விழுந்தீங்களா? நெஞ்சுல அடிகிடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அடி என்றால் அடுத்தவன் அடிப்பது. ரதிக்காக அடித்துக்கொள்வது சாமி காரியம், அதைப் போய் யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

இரத்தம் எடுத்தார்கள். பொறுத்திருந்து இன்னொரு ஈசிஜி, மறுபடியும் இரத்தம். வேலாயி கட்டில் கம்பியை விடவில்லை. இவனும் போனால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. பயத்தில் அழுகைகூட வரவில்லை.

நோயாளிகளைப் பார்க்க விடுகிற நேரத்தில் கிஷாந்த் ஓடிவந்தான். அவன்தான் காமன். காமனும் காப்போடு எல்லை தாண்டிவிட்டதால் தோட்டத்தில் சிவன் மட்டுமே மிச்சம்.

"நான் செத்தாத்தானடா நீ அழணும். நீ செத்துட்டா நான் என்னடா பண்றது? எனக்கு அழவும் வராது. ஒத்திகையில மாருல அந்த அடி அடிச்சப்பவே சொன்னேன், மெதுவா அடின்னு."

டாக்டர் திரும்பி வந்தார்; கிஷாந்த் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. விலா எலும்பு நடு எலும்போடு சேர்கிற இடத்தில் விரலால் அழுத்தினார். அழகன் ரதியின் குரலிலேயே அலறினான்.

"ரெண்டு ஈசிஜியும் ஒரே மாதிரி இருக்கு, ரத்தத்துலயும் கொறையில்ல. இதயம் நல்லா இருக்கு, அடிச்ச எடந்தான் புண்ணாயிருக்கு. அடிபட்டுச்சான்னு கேட்டேனே?"

"அது அடி இல்லீங்க, வேஷம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இப்படி அடிக்க யாரு கத்துக் குடுத்தா?"

அழகன் தயங்கினான். "அப்பா போனன்னைக்கு அம்மா அழுததப் பாத்தேங்க."

வேலாயி கம்பியை விட்டுவிட்டு, மகன் மாரில் டாக்டர் அழுத்திய இடத்தை விரலால் தொட்டாள்.

"எனக்கு அன்னைக்கு வலிக்கவே இல்லையே," என்றாள்.