புரொபசர் கட்டிய எலிப்பொறி வண்டி

என் மனைவியின் தம்பி எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி விற்கப்போகிறேன் என்று வாங்கிக்கொண்டு போன பணம். பெட்டியும் விற்கவில்லை, பணமும் திரும்பவில்லை. இனி வராது என்று தெரிந்ததும் அந்தக் கணக்கைத் தலைமுழுகிவிட்டு, அவனை என் இரும்புக்கடையில் பில் போடும் மேஜையில் உட்காரவைத்தேன். கண்ணெதிரே இருந்தால் ஊரில் வேறு எவனாவது பிழைத்துப் போவான் அல்லவா.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பழைய இரும்பைத் தோளில் சுமந்து, எடை போட்டு விற்று, இன்றைக்கு மூன்று ஷட்டர் வைத்த கடைக்கு முதலாளி. வங்கி மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நாற்காலி காட்டுகிறார். இவனோ இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். மாட்டிய ஆணி என் கடையில் எடுத்தது, அதுவும் கடனுக்கு. கதவுக்குக் கீல் கேட்டு வருகிறவரிடம் கீல் எந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது என்று இவன் ஆரம்பிப்பான். அவர் தலையை ஆட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போய் வாங்குவார். மூட்டை இறக்குகிறவர்கள் இவனுக்குப் புரொபசர் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மரியாதை செய்கிறார்கள் என்று இவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

இவனுக்கு ஒரே பெண். பத்தாம் வகுப்பு. தாயைப் போலப் பேச்சு குறைவு, அதனால் உருப்பட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். எலிப்பொறியின் வில் விசையால் மட்டும் ஓடுகிற ஒரு வண்டி செய்ய வேண்டும். பொறியின் கம்பியோடு ஒரு நீளக் குச்சியைக் கட்டி, குச்சி நுனியிலிருந்து ஒரு நூலை இழுத்துப் பின்சக்கர அச்சில் சுற்றிவைப்பது. பொறி அடிக்கும்போது நூல் இழுபடும், அச்சு சுழலும், வண்டி ஓடும். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் ஐந்து மீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். ஓடாத வண்டிக்குச் செய்முறை மதிப்பெண் இல்லை. அது இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அறிவியல் பிரிவில் இடம் இல்லை. அவள் அந்த இடத்துக்காக இரண்டு வருஷமாக ராவும் பகலும் படித்துக்கொண்டிருந்தவள்.

புரொபசர் அதைக் கேட்டதும் மகள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டான். "இது என் சப்ஜெக்ட்" என்றான்.

இரும்புக்கடையில் இருக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளையும் கையில் வாங்கி எடை பார்ப்பான். கனத்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் போலி. எனக்குச் சோறு போட்ட வியாதி அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் இரும்பு கேட்டுக்குப் பார்க்க வேண்டிய கனத்தை விளையாட்டு வண்டிக்குப் பார்க்கிறவனை என்ன சொல்ல? தகடு வெட்டினான். ஷட்டர் பேரிங்கைச் சக்கரமாக்கினான். முழு போல்ட்டை அச்சாக்கினான். மகள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரே பொறியின் மரப்பலகையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வில்லைப் பக்கத்துப் பட்டறையில் தகட்டோடு வெல்டிங் வைத்தான். சூடு பட்டால் வில்லின் முறுக்கு செத்துப்போகும் என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னாராம். இவன் அவருக்குப் பாடம் எடுத்தானாம். கடைசியில் சிவப்பு பெயிண்ட். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், எலிப்பொறியின் தலையில் மலையைத் தூக்கி வைத்தவனை அன்றுதான் பார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கடை நடுவில் விட்டுப் பார்த்தான். பொறி டப்பென்று அடித்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்து, யோசித்து, நின்றுவிட்டது.

"தரை சரியில்ல அத்தான்" என்றான்.

அந்தத் தரையில்தான் அரை டன் கம்பிச் சுருளை ஒற்றை ஆளாக உருட்டியிருக்கிறேன்.  அதைச் சொன்னால் அவன் தரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான்.

மறுநாள் அந்தப் பெண் தனியாக வந்தாள். கையில் அட்டையில் செய்த ஒரு வண்டி. பழைய சிடிக்கள் நான்கு, விளிம்பில் வழுக்காமல் இருக்க பலூன் ரப்பர், பொறிக்குச்சிக்குப் பதில் உடைந்த குடைக்கம்பி. கையில் வைத்தால் காற்றில் பறந்துவிடும் போல இருந்தது. பொறி வைக்கிற இடம் மட்டும் காலி.

"மாமா, ஒரு எலிப்பொறி வேணும். அப்பா கணக்குல எழுதிக்கச் சொன்னார்" என்றாள்.

அப்பா பெயரில் இந்தக் கடையில் ஒரு திருகாணிகூட எழுதமாட்டேன் என்று சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அழவில்லை. 

"அப்ப எழுதவேண்டாம். பொறிய என்கிட்ட குடுங்க. நாளைக்கு அப்பாவே ரொக்கமா குடுப்பார். நான் குடுக்க வைக்கிறேன்."

புரொபசரைப் பற்றி இப்படி ஒரு உத்தரவாதத்தை அவனைக் கட்டியவள்கூடக் கொடுத்ததில்லை. அறுபத்தைந்து ரூபாய்ப் பொறி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பொறிக்காசுக்காகப் போகவில்லை, வேடிக்கைக்காகப் போனேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் அப்பன்மார்கள் கூட்டம். பிள்ளைகள் ஓரமாக நிற்க, அவர்கள்தான் மண்டியிட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆளோ சிவப்பு இரும்பை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மகள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதை டீச்சர் மேஜையில் வைத்தான். மேஜை முனகியது. யார் செய்தது என்று டீச்சர் கேட்டாள். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அப்போ மார்க் உங்களுக்குப் போடட்டுமா சார்?" என்றாள் அவள், சிரிக்காமல்.

அந்த அம்மாளுக்கு என் கடையில் எப்போதும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பெண் தன் அட்டை வண்டியைக் கோட்டில் வைத்தாள்.  முதல் தடவை நூல் நழுவி, பொறி சும்மா அடித்தது. இன்னும் ஒரு தடவைதான் என்றாள் டீச்சர். அவள் நூலைப் பிரித்து, நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் திரும்பச் சுற்றினாள். புரொபசர் மேலே குனிந்து யோசனை சொன்னான். அவள் முழங்கையால் அவனைத் தள்ளினாள். விட்டாள். குடைக்கம்பி மெதுவாக எழுந்து வளைந்தது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஐந்து மீட்டர் கோட்டைத் தாண்டி, அதற்கப்பால் ஒரு பூந்தொட்டியில் முட்டிக்கொண்டு நின்றது. டீச்சர் தாளில் டிக் போட்டாள்.

உடனே நம்ம ஆளுக்கு வாய் முளைத்தது. கம்பி நீளமாக இருக்க வேண்டும் என்பது தன் யோசனை என்று பக்கத்து அப்பன்மார்களுக்கு விளக்க ஆரம்பித்தான். அவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள்.

"அப்பா, பொறிக்கு இன்னும் காசு குடுக்கல. மாமா நிக்கிறார்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். நாளைக்குக் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணால் கெஞ்சினான். நான் கையை நீட்டி விரித்தேன். சட்டைப்பை, கால்சட்டைப்பை, மணிபர்சின் மூலை என்று தேடினான். அவனிடம் எப்போதும் காசு உண்டு, கொடுக்கிற பழக்கம்தான் கிடையாது. ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை என் உள்ளங்கையில் வைத்தான். பிறகு ஒரு பத்து ரூபாய். பிறகு சில்லறை, ஒவ்வொன்றாக, மகள் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து ரூபாய் வரைக்கும் எண்ணி முடித்தான்.