கால் போத்தல் மண்ணெண்ணெய்

அம்மா ஷெல்லுக்குப் பயந்ததைவிடத் தண்ணீருக்குப் பயந்ததுதான் அதிகம். கிணற்றுக்கோ கடலுக்கோ அல்ல, ஆய்வுகூடத்துக்குள் வரும் தண்ணீருக்கு. நீர்வேலியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு பெண்கள் பாடசாலையில் அவர் இரசாயனம் படிப்பித்தார். அந்த ஆய்வுகூடத்துக் கூரையில் ஷெல் விழுந்து ஓடுகள் போனபோது அவர் அழவில்லை. மாரி தொடங்கி அந்த ஓட்டை ஒழுகத் தொடங்கியதும்தான் அவருக்கு நித்திரை போனது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, போர்க்காலம். எனக்குப் பத்து வயது. மின்சாரம் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் இருந்தது. மண்ணெண்ணெயைப் பவுனைப்போல ஒளித்து வைத்தார்கள். அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஜாம் போத்தலுக்குள் எண்ணெயில் நனைத்த பஞ்சும் ஒரு துண்டுத் திரியும், அவ்வளவுதான் அவருடைய விளக்கு. கிழமைக்கொரு தரம் அந்தப் பஞ்சு எப்படியோ புதிதாக நனைந்திருக்கும். அப்பா எங்கேயோ மன்றாடி வாங்கி வருகிறார் என்று நினைத்திருந்தேன். பரீட்சை நெருங்கிய நேரத்தில் அதுவும் நின்றுபோனது. இரண்டு நாள் அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மூன்றாம் நாள் விம்மி விம்மி அழுதார்.

அந்தச் சனிக்கிழமை, ஒழுக்குப் படாத அறைக்குப் போத்தல்களை மாற்ற அம்மா பாடசாலைக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். தலைமயிரை இறுக்கிப் பின்னச் சொன்னார். "ஒண்டிலையும் கை வையாதை. மூக்கைக் கிட்டக் கொண்டு போகாதை. தண்ணி குடிக்கிறதெண்டால் விறாந்தையிலை போய்க் குடி" என்றார். இதை வழியில் மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் ஓம் என்றேன்.

அம்மா அமிலப் போத்தல்களை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் ஏந்திப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். நான் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்த்தட்டில் ஒரு அகன்ற வாய்ப் போத்தல் இருந்தது. அதற்குள் பனங்கட்டித் துண்டுகளைப்போல ஏதோ கிடந்தது. துண்டுகள் அமிழும் அளவுக்கு எண்ணெய். மூடியை மெல்லத் திறந்தேன். மண்ணெண்ணெய்!

எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. வீட்டில் பெற்ற பிள்ளை இருட்டில் அழுகிறாள். இங்கே அம்மா எண்ணெயை ஒளித்து வைத்து, எதற்கும் உதவாத கட்டிகளை ஊறப்போட்டிருக்கிறார். போத்தலின் மேற்பக்கத்தில், பழைய எண்ணெய் மட்டம் இருந்த இடத்தில், ஒரு மஞ்சள் கறை வளையமாக ஓடியது. அவ்வளவு எண்ணெயும் எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை.

யன்னலில் கிடந்த வெறும் மருந்துப் போத்தலுக்குள் எண்ணெயை வடித்தேன். கால் போத்தல் வந்தது. அதைப் பையின் அடியில் செருகினேன். இனி மட்டம் குறைந்தது தெரியக்கூடாது. பாலைக் களவாகக் குடித்துவிட்டுத் தண்ணீர் விட்டு மட்டம் காட்டுவதில் எனக்கு முன்அனுபவம் இருந்தது. மூலையில், ஒழுக்குக்கு வைத்த வாளியில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு கிளாசில் மொண்டு வந்து போத்தலுக்குள் ஊற்றினேன்.

போத்தல் சீறியது. கட்டிகள் உயிர் வந்ததுபோலத் துள்ளின. வெள்ளைப் புகை வந்தது. கால்கள் என்னைக் கேட்காமல் வாசலுக்கு ஓடின. விறாந்தையில் கால் வைத்ததும் பின்னால் வெடித்தது.

மைதானத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஷெல் என்று நினைத்து நிலத்தில் விழுந்து படுத்தார்கள். சத்தம் வந்த பக்கம் ஓடிவந்த ஒரே ஆள் அம்மா. என்னைத் தோளில் பிடித்துத் திருப்பி, முகம், கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். என்னில் ஒரு கீறலும் இல்லை. பிறகுதான் உள்ளே பார்த்தார். கண்ணாடி எங்கும் சிதறிக் கிடந்தது. எரிகிற துண்டு ஒன்று அலுமாரியின் கீழ்த்தட்டில் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கட்டி வைத்திருந்த கொப்பிகளில் தீ பிடித்துவிட்டது. அதற்கு ஒரு முழம் மேலே ஸ்பிரிட் போத்தல்.

பாடசாலைப் பியோன் எழும்பி, கிணற்றடி வாளியோடு ஓடிவந்தார். தீ என்றால் யார்தான் தண்ணீரோடு வரமாட்டார்கள்?

"அண்ணை, ஊத்தாதேங்கோ! தண்ணி வேண்டாம்! எல்லாம் வெடிக்கும்!"

அம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பியோன் வாளியோடு அப்படியே நின்றார். சுவரோரம் தீயணைக்கவென்று வைத்திருந்த சிவப்பு வாளியின் மண்ணுக்குள் அம்மா கையை விட்டுப் பார்த்தார். ஒழுக்கில் அதுவும் நனைந்திருந்தது. அம்மாவின் முகம் வெளுத்ததைக் கண்டேன். எங்கள் மூவருக்கும் அதுதான் முடிவு என்று நினைத்தேன்.

"பங்கர் மூட்டை! உள்பக்கத்து மூட்டை, அதுதான் காய்ஞ்சிருக்கும்!"

விறாந்தை ஓரத்துப் பதுங்குகுழியை மறைத்து அடுக்கியிருந்த மண்மூட்டைகளில் உள்வரிசை மூட்டை ஒன்றைப் பியோன் இழுத்து வந்து கிழித்தார். அம்மா ஸ்பிரிட் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார். "கொண்டு ஓடு பிள்ளை, திரும்பி வராதை." நான் மைதானத்தின் நடுவே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றேன். அம்மா கை கையாக மண்ணை அள்ளிப் போட்டார். குண்டிலிருந்து எங்களைக் காக்க வைத்த மண், என் கைவேலையிலிருந்து காத்தது.

வெளியே வந்தபோது அம்மாவின் வலது புறங்கையில் ஒரு சிறு துண்டு ஒட்டியிருந்தது. அதை இடுக்கியால் எடுத்து எறிந்து, உலர்ந்த துணியால் துடைத்தபிறகு பியோனிடம் கையை நீட்டினார். "இப்ப ஊத்துங்கோ. நான் போதும் எண்டு சொல்லுமட்டும் நிப்பாட்டாதேங்கோ." எத்தனையோ வாளி. சற்றுமுன் தண்ணீர் வேண்டாம் என்று கத்தியவர் இப்போது தண்ணீர் கேட்டது எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம்.

அதிபர் அம்மையார் குடையோடு வந்தார். "என்ன நடந்தது?" என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கூரை ஓட்டையைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"என்ரை பிழைதான் மிஸ். சோடியத்துக்கு மேலை நிண்ட மண்ணெண்ணெயை நான்தான் எடுத்தனான். துண்டு வெளியிலை தெரிஞ்சிருக்கும். மூடியும் இறுக்கமில்லைப் போலை, ஒழுக்குப் பட்டிட்டுது."

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எனக்காகப் பொய் சொல்கிறார். அந்தக் கணத்தில் அம்மாமேல் எனக்கு வந்த அன்பை எந்த அளவால் அளப்பது என்று தெரியவில்லை. அதிபர் கையை நீட்டினார். அம்மா ஆய்வுகூடத்துச் சாவிக்கொத்தை அந்தக் கையில் வைத்தார். அடுத்த தவணையிலிருந்து ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தார். இரசாயனம் படிப்பிக்க அவரை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார்.

அன்று பின்னேரம் அம்மா கட்டுப்போட்ட கையால் என்னை அணைத்து, "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றார். அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் சில நேரம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பையிலிருந்த கால் போத்தலை அக்காவிடம் கொடுக்கத் துணிவில்லை. தோட்டத்தில் ஒரு வாழைக்குட்டியின் அடியில் ஊற்றினேன். அது மட்டும் ஏன் கருகியது என்று அப்பா பல நாள் தலையைச் சொறிந்தார்.

இருபத்தைந்து வருடம் கழிந்தது. அம்மாவின் ஆண்டுத் திவசத்தன்று அக்கா தொலைபேசியில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்.

"நான் பாஸ் பண்ணினது அம்மா களவெடுத்த எண்ணெயிலை, தெரியுமே? கிழமைக்கொருக்கா அந்தச் சோடியம் போத்தலிலையிருந்து கொஞ்சம் கொஞ்சமாய் இங்க் போத்தலிலை கொண்டு வந்தவா. இனி எடுத்தால் ஆபத்தெண்டு பிறகு நிப்பாட்டினவா. தான் எடுத்ததாலைதான் வெடிச்சதெண்டு கடைசிமட்டும் சொல்லிச் சொல்லி அழுதவா. 'சின்னவளைக் கொல்லப் பாத்தனே' எண்டு."

அம்மா அன்று எனக்காகப் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் நன்றியோடு வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அம்மா என் பிழையைத் தன்னுடையது என்று சுமந்திருக்கிறார்.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை? லைனிலை நிக்கிறியே?" என்றார் அக்கா.

"ஓம், நிக்கிறன்" என்றேன். தண்ணீர் ஊற்றியது நான்தான் என்று அவரிடமும் இன்னும் சொல்லவில்லை.